கொள்ளிடத்து மணலில் செவ்வாய்ப் பயணம்: பள்ளிப் பிள்ளைகளோடு செய்துபார்க்க

ஜனவரி 28 என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், மேட்டூர் அணையை மூடுகிற வழக்கமான தேதி. 1986ல் அதே ஜனவரி 28ல்தான் சாலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு கிளம்பி 73 வினாடியில் சிதறிப்போனது. அதற்கு முந்தின நாளான ஜனவரி 27, அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்து மூன்று பேர் இறந்த நாள், அது 1967ல். பிப்ரவரி 1, 2003ல் கொலம்பியா விண்கலம் சிதறியது. அதில் கல்பனா சாவ்லா இருந்தார். ஆறு நாளுக்குள் மூன்று துக்கமும் வந்துவிடும். நாசாவும் ஆண்டுதோறும் இந்த வாக்கில் ஒரு நாளை இவர்களை நினைப்பதற்கென்றே வைத்திருக்கிறது. நம் ஊரில் அதே சமயத்தில்தான் ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல் திட்டுகள் வெளியே தெரிய ஆரம்பிக்கும், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருக்கும், வெயில் இன்னும் கொடுமையாகியிருக்காது. பள்ளிப் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப்போய் ஒரு காலைப்பொழுது செவ்வாய்க் களப்பணி செய்ய இதைவிட நல்ல வாரம் கிடையாது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், முக்கியமாக அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஊரில் அறிவியல் மன்றம் நடத்துகிறவர்களுக்கும்.

இந்த யோசனைக்கு முன்மாதிரி வட துருவத்துப் பக்கம் இருக்கிறது. கனடாவின் நுனாவுட் பகுதியில் டெவன் தீவு என்று ஒன்று, ஏறக்குறைய 55,000 சதுர கிலோமீட்டர், உலகத்திலேயே மனிதர் குடியிருக்காத தீவுகளில் பெரியது. அதில் ஹாட்டன் என்கிற பள்ளம், சுமார் 20 கிலோமீட்டர் அகலம், இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் விண்கல் மோதி உண்டானது. மரம் கிடையாது, புல்கூட அபூர்வம், குளிர், வறண்ட காற்று, உடைந்த கல்லாகவே கிடக்கும் நிலம். செவ்வாய்க்குப் போகிறவர்கள் எப்படி நடப்பார்கள், எப்படிக் கல் பொறுக்குவார்கள், எப்படித் தகவல் அனுப்புவார்கள் என்று பழகிப்பார்க்க, பாஸ்கல் லீ என்ற விஞ்ஞானியின் தலைமையில் 1997லிருந்து அங்கே களப்பணி நடக்கிறது. 2000ல், செவ்வாய்க்கு மனிதர் போக வேண்டும் என்று பாடுபடும் மார்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு தன் பங்குக்கு ஒரு மாதிரி வசிப்பிடத்தை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் கட்டியது. அங்கே போனவர்கள் கொலம்பியாவில் இறந்தவர்களுக்காகக் கல் அடுக்கி நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள். வேலை நடக்கிற இடத்திலேயே நினைவும் நிற்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது.

டெவன் தீவை ஒட்டிய பீச்சி என்ற சிறு தீவில் இன்னும் பழைய மூன்று கல்லறைகள் இருக்கின்றன. வடமேற்குக் கடல்வழியைத் தேடி 1845ல் இரண்டு கப்பலில் புறப்பட்ட ஃபிராங்க்ளின் குழுவில் முதலில் இறந்தவர்களுடையவை. அந்தக் குழுவில் கடைசிவரை போன 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. தெரியாத இடத்துக்குப் போகிறவர்களுக்கு என்ன ஆகலாம் என்பது அந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்களின் கண் முன்னாலேயே கிடக்கிறது.

சரி, நமக்குக் குளிரும் இல்லை, விண்கல் பள்ளமும் இல்லை, காவிரிப் படுகையில் செவ்வாயைப் பற்றி என்ன படிக்க முடியும் என்று கேட்கலாம். நிறையவே முடியும். 2021 பிப்ரவரி 18ல் பெர்சவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கிய ஜெசெரோ பள்ளம், சுமார் 45 கிலோமீட்டர் அகலம், அதன் மேற்குக் கரையில் ஒரு டெல்டாவே இருக்கிறது. 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், அப்போது ஏரியாக இருந்த அந்தப் பள்ளத்துக்குள் ஒரு ஆறு பாய்ந்து வண்டலைக் கொட்டியிருக்கிறது. உயிர் இருந்திருந்தால் அதன் சுவடு மென்மையான வண்டல் அடுக்குக்குள் புதைந்து கிடைக்கும் என்ற எண்ணத்தில்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு எப்படி வண்டல் கொட்டும், எங்கே மணல் தங்கும், எங்கே களி தங்கும் என்பது கல்லணைக்கும் கடலுக்கும் நடுவில் வளர்கிற பிள்ளைக்குக் காலுக்கடியில் இருக்கிற பாடம். மோதல் பள்ளத்தைப் பற்றி டெவன் தீவு சொல்லித்தரட்டும், டெல்டாவைப் பற்றி நாம் படிப்போம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கொள்ளிடம், வெண்ணாறு, அரசலாறு எதுவானாலும் சரி, கரையிலிருந்து நடந்து இறங்கக்கூடிய, தண்ணீர் ஓடும் தடத்திலிருந்து நன்றாக விலகிய மேடான மணல் திட்டு வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கிற பகுதி என்றால் வேண்டவே வேண்டாம், மேலே ஆழமில்லாத தண்ணீர் மாதிரி தெரியும், உள்ளே ஆள் முங்கிவிடும். அணைக்கட்டு, மதகு ஆகியவற்றுக்கு உடனடிக் கீழ்ப்பக்கமும் வேண்டாம். முந்தின வாரம் நீர்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு, அந்த நாட்களில் தண்ணீர் திறப்பு ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். 28 என்பது வழக்கமான தேதிதானே தவிர, அணையின் இருப்பையும் பயிரின் நிலையையும் பார்த்து அது முன்பின் ஆகும். ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பெற்றோர் கையெழுத்து, தலைமையாசிரியர் அனுமதி இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காடோ கோடியக்கரையோ போக ஆசைப்பட்டால் வனத்துறை அனுமதி வேண்டும், வேதாரண்யம் உப்பளம் என்றால் பாத்தி வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும்; உப்பளமும் அருமையான இடம்தான், செவ்வாயிலும் உப்புப் படிவுகள் இருக்கின்றன, ஆனால் முதல் தடவைக்கு ஆறு போதும்.

இன்னொன்று. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிற ஒரு வீடோ பள்ளியோ ஐந்து நிமிட நடையில் இல்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும். இதைக் கவனிக்காமல் கூட்டிப்போனால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள், பத்து மணிக்கு மயக்கம் வரும்.

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு இவர்களைக் கூப்பிடுங்கள். பத்தும் பன்னிரண்டும் அந்தச் சமயத்தில் திருப்புதல் தேர்வில் இருப்பார்கள். 28 பேர் என்றால் நான்கு நான்காக ஏழு குழு, அதற்கு மேல் வேண்டாம். ஏன் ஏழு? இந்தப் பயணத்தின் முதுகெலும்பே அதுதான்.

கொலம்பியாவில் போனவர்கள் ஏழு பேர். ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி இரண்டு நிமிடம் கண்ணை மூடி நின்றுவிட்டு வந்தால் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் ஒரு பெயர்கூட ஞாபகம் இருக்காது. ஒருவரை நினைக்க வேண்டுமென்றால் அவர் விட்டுப்போன வேலையில் ஒரு கைப்பிடியாவது நாம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவர் பெயர், அவர் செய்த வேலையை ஒட்டிய ஒரு வேலை.

ரிக் ஹஸ்பண்ட் தளபதி. அவர் பெயர் வைத்த குழுதான் நேரத்தைப் பார்க்கும், அரை மணிக்கு ஒரு தரம் தலை எண்ணும், கிளம்பலாமா வேண்டாமா என்று சொல்லும். வில்லியம் மெக்கூல் விமானி, அந்தக் குழு வழியைப் பார்க்கும்: கரையிலிருந்து திட்டு வரை காலடி எண்ணி, திசை குறித்து, கைபேசியில் அட்சரேகை தீர்க்கரேகை எடுத்து, கையால் ஒரு வரைபடம் போட வேண்டும். மைக்கேல் ஆண்டர்சன் அந்தப் பயணத்தின் ஆய்வுச் சாமான்களுக்குப் பொறுப்பாளர்; அவர் குழுவிடம் மாதிரிப் பதிவேடு இருக்கும், எந்த மண் எந்த எண் பொட்டலத்தில், எத்தனை செண்டிமீட்டர் ஆழத்தில், எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதாத பொட்டலம் எதுவும் வீடு திரும்பக் கூடாது. டேவிட் பிரவுன் விண்ணில் கேமராவோடு திரிந்தவர், சக வீரர்களின் நாட்களைப் படம்பிடித்தவர். அவர் குழு ஒவ்வொரு மாதிரியையும் பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படமெடுக்கும், அடிக்கோல் இல்லாத படம் கணக்கில் சேராது.

லாரல் கிளார்க் கடற்படை மருத்துவர், உயிரியல் சோதனைகள் பலவற்றைச் செய்தவர். அவர் குழுவுக்கு இரண்டு வேலை: முதலுதவிப் பெட்டியைக் கவனிப்பது, மணலிலும் ஈரச் சேற்றிலும் என்னென்ன உயிர் இருக்கிறது என்று தேடுவது. ஒரு சாண் சதுரத்தில் பார்த்தால் போதும், எறும்பு, நத்தை ஓடு, பாசி, வேர் எல்லாம் வரும். இந்தக் குழுவிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: கொலம்பியாவின் சிதைவுகளில் கிடைத்த ஒரு பெட்டிக்குள் சோதனைக்காகக் கொண்டுபோன நூற்புழுக்கள் உயிரோடு இருந்தன. இலான் ரமோன் இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர், வானிலிருந்து பாலைவனத் தூசியை அளக்கும் சோதனை அவருடையது. அவர் குழு அட்டையில் ஒட்டுநாடாவைப் பசைப் பக்கம் வெளியே தெரிய மாட்டி, தரையை ஒட்டி ஒன்று, தலை உயரத்தில் ஒன்று, ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு லென்ஸில் பார்த்துத் தூசியை எண்ண வேண்டும். அறுப்பு மெஷின் ஓடுகிற வயல் பக்கத்தில் இருந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும்.

கல்பனா சாவ்லாவின் குழுவுக்கு வானம். அரை மணிக்கு ஒரு தரம் மேகம் எவ்வளவு, காற்று எந்தத் திசை, வெப்பம் எவ்வளவு என்று எழுத வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. 2002 செப்டம்பர் 12ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய வானிலைச் செயற்கைக்கோளுக்கு, கொலம்பியா விபத்து நடந்த சில நாளிலேயே கல்பனா-1 என்று பெயர் மாற்றினார்கள். பல ஆண்டுகள் வங்காள விரிகுடாவின் மேகங்களைப் படமெடுத்து அனுப்பியது அது. புயல் சின்னம் உருவாகிவிட்டதா என்று வானொலியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ டெல்டாக் குடும்பங்களுக்கு அவர் பெயர் வைத்த கோள் வேலை செய்திருக்கிறது. கர்னாலில் பிறந்த அந்தப் பெண்ணுக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பை இப்படிச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

காலை ஆறரைக்கெல்லாம் ஆற்றில் இருக்க வேண்டும், தை மாதப் பனி இருக்கும், பரவாயில்லை. பதினொன்றுக்குள் கரை ஏறிவிட வேண்டும். சாப்பாடு தயிர்சாதம், நீர்மோர், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். விண்வெளி உடை என்று வெள்ளைத் துணி தைத்து, அட்டையில் தலைக்கவசம் செய்து காசைக் கரைக்காதீர்கள். வெயிலில் அது ஆபத்தும்கூட. வேண்டுமானால் பைக் ஓட்டுகிறவர்கள் போடும் தடித்த கையுறை இரண்டு ஜோடி எடுத்துப்போய், அதைப் போட்டுக்கொண்டு ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிப் பொட்டலம் கட்டி அதன்மேல் எண் எழுதச் சொல்லுங்கள். விண்வெளி உடையின் கஷ்டம் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

முதல் வேலை பார்ப்பது. கையை வைக்காமல் பத்து நிமிடம் நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று மணலை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். மணலில் சின்னச் சின்ன அலை மாதிரி வரி இருக்கும், அதில் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். செங்குத்தான பக்கம்தான் நீர் போன திசை. காற்று போட்ட வரிகளும் கலந்து கிடக்கும், இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கூழாங்கல் கிடைத்தால் முனை மழுங்கி உருண்டையாக இருக்கிறதா பாருங்கள். 2012ல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் உருண்டைக் கற்களைப் பார்த்துத்தான் அங்கே கணுக்காலிலிருந்து இடுப்பு வரையிலான ஆழத்தில் தண்ணீர் ஓடியிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதே தர்க்கம்தான் இங்கேயும்.

அப்புறம் காந்தம். பழைய ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் இழுத்தால் கறுப்புத் துகள்கள் ஒட்டும், அவை இரும்பு சேர்ந்த கனிமங்கள். செவ்வாய்க்குப் போன ஊர்திகளிலும் காந்தம் வைத்து அனுப்பினார்கள், அங்கிருக்கும் தூசியும் ஒட்டியது. பையைத் திருப்பினால் துகள் தனியாக விழுந்துவிடும், காந்தம் அழுக்காகாது.

பள்ளம் தோண்டுவது முழங்கால் ஆழம் வரைதான், அதுவும் ஆசிரியர் பக்கத்தில் நிற்க. மணல் பள்ளத்தின் ஓரம் சரியும், அதனால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஆற்றங்கரை அரித்துச் செங்குத்தாக நிற்கும் இடத்துக்குக் கீழேயும் நிற்க விடாதீர்கள். தோண்டிய பக்கவாட்டில் பருமணல், நைஸ் மணல், களி என்று கோடு கோடாகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து ஆண்டர்சன் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளத்தை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும், மாடு மேய்கிற இடம்.

இந்த வேலை எல்லாம் நடக்கும்போது பள்ளியில் ஒரு வகுப்பறையில் ஓர் ஆசிரியரும் நான்கைந்து பிள்ளைகளும் கட்டுப்பாட்டு அறையாக உட்கார்ந்திருக்க வேண்டும். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர, இரண்டும் இருக்கும் தூரத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். நாம் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் செய்தி உடனே வந்துவிடும் என்பதால் ஆசிரியர் கைபேசியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வந்த நேரத்தைக் குறித்து, பத்து நிமிடம் கழித்துத்தான் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவர்கள் பதிலுக்கும் அதே தாமதம். முதல் அரை மணியில் ஆற்றில் இருப்பவர்கள் எரிச்சலாவார்கள். "எந்த இடத்தில் தோண்டலாம்?" என்று கேட்டுவிட்டு இருபது நிமிடம் சும்மா நிற்பார்கள். பிறகு தாங்களாகவே, "இந்த இடம், இந்தக் காரணம், தோண்ட ஆரம்பிக்கிறோம், வேண்டாமென்றால் சொல்லுங்கள்" என்று முழுதாக எழுதப் பழகுவார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, தாமதமே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஒரே ஒரு சொல்லுக்குத் தாமதம் கிடையாது: "நிறுத்து". யார் சொன்னாலும், கடைசிக் குழுவில் இருக்கிற சின்னப் பிள்ளை சொன்னாலும், வேலை நின்றுவிட வேண்டும், ஏன் என்று அதற்கப்புறம் கேட்கலாம். டெவன் தீவில் பனிக்கரடி வரும் என்பதால் துப்பாக்கியோடு ஒருவர் காவலுக்கு இல்லாமல் யாரும் வெளியே போவதில்லை. நமக்குப் பாம்பு, பள்ளம், வெயில், தண்ணீர். யாரும் தனியாகப் போகக் கூடாது, ஒன்றுக்கு இரண்டு பேர்.

இந்தச் சொல்லை ஏன் வைத்தோம் என்று சொல்லும் இடத்தில்தான் நினைவுகூரல் வர வேண்டும், மணலில் கால் வைப்பதற்கு முன்னால். எல்லோரும் வட்டமாக நிற்கட்டும். ஒவ்வொரு குழுவும் தன் பெயருக்குரியவர் யார், என்ன படித்தார், விண்ணில் என்ன செய்தார் என்று இரண்டு மூன்று வாக்கியம் சொல்லட்டும். பிறகு ஆசிரியர் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொலம்பியா கிளம்பிய 82 வினாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. அது மோதியதைப் படத்தில் பார்த்த பொறியாளர்கள், இறக்கையை விண்ணிலிருந்தே படமெடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டார்கள், நாசாவின் மேலதிகாரிகள் அதை எடுத்துச் செல்லவில்லை. 16 நாள் வேலையை முடித்துத் திரும்பும்போது, தரையிறங்க இன்னும் கால் மணி நேரம் இருக்கையில், கலம் டெக்சாஸ் வானில் சிதறியது. சாலஞ்சரிலும் அப்படித்தான், குளிரில் ரப்பர் வளையம் வேலை செய்யாது என்று முந்தின இரவே பொறியாளர்கள் சொன்னார்கள். சந்தேகம் வந்தவன் சொன்னது காதில் விழவில்லை. அதனால்தான் நம் ஆற்றில் "நிறுத்து" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும், பெரியவர்கள்தான் தயங்குவோம்.

கொலம்பியாவில் பள்ளி மாணவர்கள் தயாரித்த சோதனைகளும் போயின, ஆறு நாட்டிலிருந்து. ஆஸ்திரேலியப் பிள்ளைகளின் சிலந்தி, சீனப் பிள்ளைகளின் பட்டுப்புழு, அமெரிக்கப் பிள்ளைகளின் எறும்பு. சாலஞ்சரில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற ஆசிரியையே போனார். இறந்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து அவர்கள் பெயரில் மாணவர்களுக்கான விண்வெளிக் கல்வி மையத்தைத் தொடங்கின. இதையும் சொல்லுங்கள்.

கடலோரப் பள்ளி என்றால் ஒன்றைக் கவனமாகச் செய்ய வேண்டும். 2004 டிசம்பர் 26ல் வந்த அலை கொண்டுவந்து போட்ட கடல் மணல் அடுக்கு நாகப்பட்டினக் கரையில் பல இடத்தில் மண்ணுக்குள் இருக்கிறது, விஞ்ஞானிகள் அதை அளந்து எழுதியும் இருக்கிறார்கள். நிலவியலுக்கு அது அருமையான பாடம். ஆனால் அந்த அடுக்கு ஒரு வீட்டில் அம்மாவாகவும் இன்னொரு வீட்டில் தம்பியாகவும் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடமும் அந்தக் குடும்பங்களிடமும் கேட்காமல் அங்கே மண்வெட்டி வைக்காதீர்கள். அவர்களே வந்து சொல்வதாக இருந்தால், அவர்கள் பேசி முடிக்கிற வரை எந்த அளவுகோலும் வெளியே வர வேண்டாம். தன் வீட்டில் இறந்த ஒருவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு பிள்ளை கேட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

நினைவுச் சின்னம் ஏதாவது வைக்க வேண்டாமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். டெவன் தீவில் திரும்பின பக்கமெல்லாம் கல், அடுக்கினார்கள். நம் முன்னோரும் இறந்த வீரனுக்குக் கல்தான் நட்டார்கள். ஆனால் டெல்டாவில் கல் ஏது, பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. சிமெண்டுத் தூண் வேண்டாம், மரக்கன்று நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் சித்திரையில் கருக விடுவதும் வேண்டாம். பதிவேடே போதும். கெட்டி அட்டைக் கணக்கு நோட்டு ஒன்று, முதல் பக்கத்தில் ஏழு பெயர், அடுத்த பக்கத்திலிருந்து அந்த இடத்தின் அளவுகள். மறு ஆண்டு அடுத்த வகுப்பு அதே இடத்துக்கு, அதே நோட்டோடு போகும். மணல் திட்டு நகர்ந்திருக்கும், அடுக்கு மாறியிருக்கும், அது தெரிய வேண்டுமென்றால் பழைய பக்கம் வேண்டும். செவ்வாயிலும் ஸ்பிரிட் ஊர்தி இறங்கிய இடத்துக்கு எதிரே இருந்த ஏழு குன்றுகளுக்குக் கொலம்பியா வீரர்களின் பெயர் வைத்தார்கள், சாவ்லா குன்று அதில் ஒன்று. 2005ல் ஸ்பிரிட் ஹஸ்பண்ட் குன்றின் உச்சிவரை ஏறி வேலை செய்தது.

பள்ளிக்குத் திரும்பியதும் வண்டலைப் பிரிக்கும் சோதனையைச் செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் நடக்காது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், அரைக் கரண்டி சலவைத்தூள், மூடி ஐந்து நிமிடம் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், அங்கே ஒரு கோடு போடுங்கள். வண்டல் உட்கார இரண்டு மணி நேரம் ஆகும், அடுத்த கோடு. களி முழுதும் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும், கடைசிக் கோடு. ஓட்டம் வேகமாக இருந்தபோது வந்தது எது, தேங்கி நின்றபோது வந்தது எது என்று பாட்டிலைப் பார்த்தே பேசலாம். கல்லணைப் பக்கம் உறவினர் இருக்கிற பிள்ளை ஒரு பொட்டலம், முத்துப்பேட்டைப் பக்கம் போகிற பிள்ளை ஒரு பொட்டலம் கொண்டுவந்தால் மூன்று பாட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கடலை நெருங்க நெருங்கச் சரிவு குறைந்து ஓட்டம் தளர்வதால் மென்மையான மண்ணின் பங்கு கூடுகிறதா என்று பாருங்கள். ஜெசெரோவில் தேடுவதும் அந்த மென்மையான மண்ணைத்தான்.

பெரிய பிள்ளைகள் இதற்கு மேல் எங்கே போவது என்று கேட்பார்கள். வட துருவத்துப் பக்கம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இந்தியாவுக்கே ஹிமாத்ரி என்ற ஆய்வு நிலையம் 2008லிருந்து இருக்கிறது, கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அதை நடத்துகிறது. 2024 நவம்பரில் லடாக்கின் லே பகுதியில் இஸ்ரோவின் பங்களிப்போடு வேற்றுக்கோள் வாழ்க்கையைப் பழகும் முகாம் நடந்தது. நிலவியல், வளிமண்டலவியல், நுண்ணுயிரியல் எதைப் படித்தாலும் அந்தக் கதவுகள் திறக்கும் என்று சொல்லுங்கள், எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு என்பதையும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள்.

நோட்டைத் தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைக்காதீர்கள், நூலக அலமாரியில் எல்லோரும் எடுக்கிற மாதிரி இருக்கட்டும். மெக்கூல் குழு போட்ட வரைபடத்தின் நகல் ஒன்றைப் பின் அட்டையில் ஒட்டிவிடுங்கள், நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருகிறவர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான தேதியையும் இப்போதே பேசி வைப்பது நல்லது, மேட்டூரில் தண்ணீர் இருப்பைப் பார்த்து ஒரு வாரம் முன்பின் வைத்துக்கொள்ளலாம்.